தலைக்காயத்தின் அறிகுறிகளை வகுத்த மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி

மேலைத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் நோக்கிச் செல்லும் சாலையில், வாகன நெரிசல் சற்றே அடங்கிய ஓர் இரவு வேளையை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். தலைக்கவசம் அணியாத இளைஞன் ஒருவன் இருசக்கர வண்டியிலிருந்து சறுக்கி விழுகிறான். ஓடிச்சென்று அவனைத் தூக்குகிறவர்களுக்கு முதலில் தெரிவது இரத்தத்தின் ஈரமன்று, மதுவின் வாடை. அந்த வாடை பட்ட மறுகணமே கூடியிருப்போர் முகங்களில் இரக்கம் மறைந்து அருவருப்புத் தோன்றுகிறது. குடித்துவிட்டு விழுந்தவன்தானே, உறங்கி எழுந்தால் தெளிந்துவிடுவான் என்று கூறி, அவனைக் கடைத் திண்ணையொன்றில் கிடத்திவிட்டு ஒவ்வொருவராக விலகிச் செல்கின்றனர்.

பொழுது விடிகிறது. போதை தெளியும் நேரமும் கடந்துவிடுகிறது. அவன் மட்டும் எழுவதில்லை.

அவன் நம் மஹல்லாவைச் சேர்ந்தவனாகவே இருந்துவிட்டால் துன்பம் இரட்டிப்பாகிறது. மார்க்கம் தடுத்ததைச் செய்துவிட்டான் என்ற வெட்கம் ஒருபுறம். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சம் மறுபுறம். பெற்றோர் அவனை வீட்டுக்குள் கிடத்திக் கதவைச் சாத்திவிடுகின்றனர். அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னே, மண்டையோட்டுக்குள் கசியும் இரத்தம் மூளையைச் சிறிது சிறிதாக நெருக்கிக்கொண்டிருப்பதை யார் அறிவார்?

அன்புச் சகோதர சகோதரிகளே! தலையில் அடிபட்டவனைக் கண்டதும் எதை நோக்க வேண்டும், எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நிதானமாக எழுதி வைத்த முஸ்லிம் மருத்துவப் பேரறிஞர் ஒருவர் இருந்தார்கள். இப்னு சீனாவின் பெயரை அறிந்த அளவுக்கு நம் இல்லங்களில் அன்னாரின் பெயர் அறியப்படவில்லை. அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி என்பது அன்னாரின் முழுப்பெயர். ஐரோப்பியர் அப்பெயரை அல்புகாசிஸ் என மாற்றி வழங்கினர். அன்னாரின் வாழ்வையும் பணியையும் இன்று சற்று நினைவுகூர்வோம்.

ஸஹ்ரா நகரின் மைந்தர்

இன்று ஸ்பெயின் என வழங்கும் நாட்டின் தென்பகுதியில், அன்தலுஸ் எனப்பட்ட முஸ்லிம் பேரரசு சிறந்து விளங்கிய காலம் அது. அதன் தலைநகர் குர்துபா. ஹிஜ்ரி 325, அதாவது கி.பி. 936ஆம் ஆண்டில், மூன்றாம் அப்துர் ரஹ்மான் என்ற கலீஃபா அந்நகருக்கு மேற்கே சில கல் தொலைவில், மலையடிவாரத்தில், மதீனத்துஸ் ஸஹ்ரா என்ற எழில்மிகு அரண்மனை நகரை நிறுவத் தொடங்கினார். அந்த ஆண்டை ஒட்டித்தான் அபுல் காசிம் அவர்களும் பிறந்தார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அந்நகரின் பெயரே அன்னாருக்கு ஸஹ்ராவி என்னும் அடைமொழியாயிற்று. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ஆதரித்து அடைக்கலம் தந்த அன்சாரிகளின் வழித்தோன்றலாக அன்னாரின் குடும்பம் அறியப்பட்டது.

அப்துர் ரஹ்மானுக்குப் பின் 961 முதல் 976 வரை ஆண்ட இரண்டாம் ஹகம் கல்வியில் தணியாத வேட்கை கொண்டவர். அவரது நூலகத்தில் நான்கு இலட்சம் நூல்கள் இருந்தன என்று சரித்திர ஆசிரியர்கள் குறிப்பிடுவர். கிரேக்க மொழியிலிருந்தும் சிரியாக் மொழியிலிருந்தும் அரபியாக்கப்பட்ட மருத்துவ நூல்கள் கிழக்கேயிருந்து குர்துபாவுக்கு வந்து சேர்ந்த வண்ணமிருந்தன. அத்தகைய அறிவுச் சூழலில்தான் அபுல் காசிம் அவர்கள் மருத்துவம் பயின்றார்கள். அரசவையிலும் மருத்துவப் பணி புரிந்தார்கள்.

இந்த ஹகமைப் பற்றி இங்கே நினைவுகூரத் தக்க செய்தி ஒன்று உண்டு. தம் நாட்டில் மதுப்பழக்கம் பரவியிருப்பதைக் கண்டு மனம் வருந்திய அவர், திராட்சைக் கொடிகள் அனைத்தையும் வேரோடு களைந்துவிட எண்ணினாராம். கொடிகளை அழித்தாலும் மக்கள் அத்திப்பழத்திலிருந்தும் பிறவற்றிலிருந்தும் மதுவை வடித்துக்கொள்வார்கள் என்று அருகிருந்தோர் எடுத்துரைக்கவே, அந்த எண்ணத்தைக் கைவிட்டார் என வரலாறு கூறுகிறது. மார்க்கம் தடுத்த ஒன்று முஸ்லிம்களின் ஆட்சியிலேயே முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதை இதிலிருந்து அறிகிறோம். எனவே நம் காலத்தில், நம் தெருவில், நம் பிள்ளைகளில் ஒருவனுக்கு அந்தத் தீமை நேர்ந்துவிட்டதென்றால், அதனை உலகில் எங்கும் நிகழாத ஒன்றெனக் கருதி மூடி மறைக்க வேண்டியதில்லை.

முப்பது பாகங்கள் கொண்ட கருவூலம்

ஏறத்தாழ 50 ஆண்டுகள் நோயாளிகளிடையே வாழ்ந்து பெற்ற அனுபவத்தையும், முன்னோரின் நூல்களில் கற்றதையும் திரட்டி, கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டி அன்னார் கிதாபுத் தஸ்ரீஃப் என்னும் பெருநூலை நிறைவு செய்தார்கள். மருத்துவ நூல்களைத் தாமே தொகுத்துக்கொள்ள இயலாதவர்களுக்கு அந்த ஒரே தொகுப்பு போதுமானதாக இருக்க வேண்டும் என்பது அன்னாரின் நோக்கம். முப்பது பாகங்கள் கொண்ட அந்நூலின் கடைசிப் பாகம் முழுவதும் ரண சிகிச்சைக்கு உரியது. சூடிடுதல், அறுத்தலும் தைத்தலும், எலும்பு முறிவும் மூட்டு விலகலும் என மூன்று பகுதிகளாக அதனை அமைத்தார்கள். ஏறத்தாழ 200 கருவிகளின் வடிவங்களை அதில் வரைந்து காட்டினார்கள். ரண சிகிச்சைக் கருவிகளை இத்துணை விரிவாகப் படங்களுடன் விளக்கிய நூல் அதற்கு முன் தோன்றியதாகத் தெரியவில்லை.

குர்துபாவின் புகழ்பெற்ற மார்க்க மேதை இப்னு ஹஸ்ம் அவர்கள் இளமையில் அன்னாரை நேரில் கண்டவர்கள். மருத்துவத் துறையில் அந்நூலுக்கு நிகரில்லை என்னும் கருத்துப்பட அவர்கள் பிற்காலத்தில் எழுதினார்கள்.

உடற்கூற்றை அறியாமல் கத்தியைக் கையிலெடுப்பவனே மக்களின் முதற்பகைவன் என்பது அன்னாரின் உறுதியான கருத்து. தம் கண்ணெதிரே நிகழ்ந்த தவறுகளை மறைக்காமல் நூலின் முன்னுரையிலேயே எழுதினார்கள். கழுத்துக் கட்டியை அறுக்கப்போன அறிவற்ற வைத்தியன் ஒருவன் இரத்தக் குழாய்களை வெட்டிவிட, அந்தப் பெண் அவன் கைகளிலேயே இறந்தாள். முதியவர் ஒருவரின் சிறுநீர்ப்பையிலிருந்த பெரிய கல்லை மற்றொருவன் பிடுங்கி எடுக்க, பையின் ஒரு துண்டும் சேர்ந்து வந்து, சில நாட்களில் அம்முதியவர் மாண்டார். இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, தம் மாணவர்களைப் பிள்ளைகளே என அழைத்து, பொருளாசையால் தகாத சிகிச்சையில் இறங்க வேண்டாம் என்றும், கனிவையும் நிதானத்தையும் கைவிட வேண்டாம் என்றும் அன்னார் அறிவுறுத்தினார்கள்.

குற்றத்தை அல்ல, காயத்தைக் கண்டார்கள்

அன்னார் தம் நூலில் எழுதி வைத்த நிகழ்ச்சிகளுள் ஒன்று நம் நெஞ்சைத் தொடுகிறது. பணிப்பெண் ஒருத்தி கத்தியை எடுத்துத் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டாள். அன்னார் அழைக்கப்பட்டார்கள். தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்வது மார்க்கத்தில் எவ்வளவு கடுமையாகத் தடுக்கப்பட்டது என்பதை அன்சாரிகளின் மரபில் வந்த அந்தப் பெருந்தகைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயினும் அன்னார் முதலில் நோக்கியது காயத்தைத்தான். பெரிய இரத்தக் குழாய்கள் அறுபடவில்லை என்பதையும், மூச்சுக்காற்று காயத்தின் வழியே வெளியேறுவதையும் கண்டார்கள். உடனே காயத்தைத் தைத்தார்கள். ஆறும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். குரல் சற்றுக் கரகரத்ததைத் தவிர வேறு குறையின்றி அவள் பிழைத்தாள். மூச்சுக்குழாயில் திறப்பு ஏற்படுத்துவதால் உயிருக்கு ஆபத்தில்லை என்ற மருத்துவ உண்மையையும் அந்த நிகழ்ச்சியிலிருந்து அன்னார் உய்த்துணர்ந்தார்கள்.

அந்தப் பதிவில் அவளுடைய குற்றத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை. காயத்தின் ஆழம் இருக்கிறது, தையலின் முறை இருக்கிறது, பிழைத்தாள் என்ற செய்தி இருக்கிறது. இரத்தம் வழிய நம்முன் கிடப்பவர் விஷயத்தில் நாம் கொள்ள வேண்டிய முறையும் இதுவேயன்றோ?

மண்டையோட்டின் முறிவுகள்

தஸ்ரீஃபின் எலும்பு முறிவுப் பகுதியில் தலைக்கெனத் தனி அத்தியாயமே உண்டு. ஏழாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் பவுல் என்பாரின் நூலை அடியொற்றி, தம் அனுபவத்தையும் சேர்த்து அன்னார் அதனை எழுதினார்கள்.

மண்டையோட்டு முறிவு ஒரே தன்மையுடையதன்று என்று வகைப்படுத்தினார்கள். வாள் அல்லது கோடரி வெட்டுப்போல் எலும்பைப் பிளந்து மூளையுறை வரை செல்லும் முறிவு ஒன்று. கல்லடியாலோ, கல்லின்மீது விழுவதாலோ எலும்பு நொறுங்கும் முறிவு மற்றொன்று. செப்புப் பாத்திரத்தில் அடிபட்டால் குழி விழுவதைப்போல், குழந்தைகளின் மென்மையான எலும்பு உள்வாங்கும் முறிவு வேறொன்று. மயிரிழை போன்ற மெல்லிய கீறலாக மட்டும் தோன்றும் முறிவும் உண்டு. இந்தக் கடைசி வகைதான் கண்ணை ஏமாற்றுவது. அதனைக் கண்டறிய அன்னார் காட்டிய வழி எளிமையானது: எலும்பின்மீது மை பூசித் துடைத்தால், கீறலில் மட்டும் மை தங்கிக் கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதனால் காயம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதே என்பதே இதன் உட்பொருள்.

நொறுங்கிய எலும்பை அகற்ற வேண்டியிருந்தால், குளிர்காலத்தில் 14 நாட்களுக்குள்ளும், கோடையில் 7 நாட்களுக்குள்ளும் அகற்றிவிட வேண்டும் என்றார்கள். வெப்பத்தில் காயம் விரைந்து கெடும் என்பதை அன்னார் அறிந்திருந்தார்கள். எலும்பைத் துளைக்கும் துரப்பணம் மூளையுறையில் பாய்ந்துவிடாதபடி, முனைக்குச் சற்று மேலே விளிம்பு ஒன்று அமைக்கச் சொன்னார்கள். ஒவ்வொருவரின் எலும்பும் ஒவ்வொரு கனமுடையதாதலின், பல அளவுகளில் துரப்பணங்களை வைத்திருக்க வேண்டும் என்றும் கூறினார்கள். மருத்துவனின் கை தவறினாலும் கருவி தவறக்கூடாது என்ற முன்யோசனையை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

இவை அனைத்திலும் முக்கியமானது, தலையில் அடிபட்டவரிடம் காணப்படும் தீய அறிகுறிகள் என அன்னார் வகுத்தவை. வாந்தி, வலிப்பு, அறிவு தடுமாறல், பேச்சு நின்றுபோதல், மயக்கம், கடுங்காய்ச்சல், கண்கள் பிதுங்கிச் சிவத்தல் ஆகியவை அவை. இவற்றைக் கண்டால் அந்த நோயாளி பிழைப்பது அரிது. கத்தியைத் தொடாதே என்று மாணவர்களை எச்சரித்தார்கள். மண்டைக்குள் நிகழ்வதைக் காணும் வழியோ, வலியறியாமல் உறங்கச் செய்யும் மருந்தோ இல்லாத காலத்தில், ஒரு நேர்மையான மருத்துவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? ஆனால் அன்று கைவிடுவதற்கு அடையாளமாக இருந்த அதே அறிகுறிகள், இன்று விரைந்து செயல்படுவதற்கு அடையாளமாகிவிட்டன.

ஒரே அறிகுறி, இரு காரணங்கள்

இப்போது முடிச்சூர்ச் சாலையில் விழுந்த இளைஞனிடம் திரும்பி வருவோம். அவன் வாந்தி எடுக்கிறான், பிதற்றுகிறான், பேச்சு குழறுகிறது, எழுப்பினால் எழவில்லை. இவை அபுல் காசிம் அவர்கள் வகுத்த தீய அறிகுறிகளா, மதுவின் விளைவுகளா? இரண்டுக்கும் தோற்றம் ஒன்றே. இங்கேதான் பொதுமக்கள் மட்டுமன்றி, தேர்ந்த மருத்துவர்களும் தடுமாற நேரிடுகிறது.

இன்றைய மருத்துவம் வகுத்துள்ள நெறி இதுதான்: தலையில் அடிபட்டவரின் உணர்வு குன்றியிருந்தால், மூளையில் காயமில்லை என்று உறுதிப்படும் வரை அதற்கு மதுவைக் காரணமாகக் கொள்ளலாகாது. முதலில் காயத்தைத் தேடு. அது இல்லையென்று தெளிந்த பின்னரே போதையைக் காரணம் சொல்.

உணர்வின் நிலையை அளப்பதற்கு கிரஹாம் டீஸ்டேல், பிரயன் ஜென்னட் என்னும் கிளாஸ்கோ நகர மருத்துவர் இருவர் 1974ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என உயர்ந்த அளவு 15; முற்றிலும் உணர்வற்ற நிலை 3. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயத்தைக் குறிக்கும். இந்த எண்ணை ஒருமுறை குறித்துவிட்டு அமர்ந்துவிடுவதில் பயனில்லை. மீண்டும் மீண்டும் அளக்க வேண்டும். ஏனெனில், காலம் செல்லச் செல்ல உடலிலுள்ள மது குறைகிறது. வெறும் போதையாயின் மனிதன் சிறிது சிறிதாகத் தெளிய வேண்டும். மண்டைக்குள் இரத்தம் கசிந்தாலோ, காலம் செல்லச் செல்ல அவன் மேலும் மங்குவான். நேரம் கடந்தும் தெளியாதவனையும், தெளிந்து பேசியபின் மீண்டும் மயங்குபவனையும் ஒரு கணமும் தாமதிக்காமல் கவனித்தாக வேண்டும்.

தெளிந்து பேசியபின் மயங்குதல் என்று சொன்னோமே, அது மிகவும் வஞ்சகமான நிலை. பொட்டெலும்பு முறிந்து, அதன் உட்புறம் ஓடும் இரத்தக் குழாய் கிழிந்தால், அடிபட்டவன் முதலில் மயங்கி, பின்னர் எழுந்து நன்றாகவே பேசக்கூடும். ஒன்றுமில்லை என்று எல்லோரும் ஆறுதல் கொள்வர். எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையே தேங்கும் இரத்தம் சில மணி நேரத்தில் மூளையை நெருக்கி உயிரைப் பறித்துவிடும். தக்க நேரத்தில் மண்டையோட்டைத் திறந்து அந்த இரத்தத்தை அகற்றினால் பலர் முழுமையாகப் பிழைப்பர்.

நெடுங்காலம் குடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து மேலும் அதிகம். மதுவினால் மூளை சுருங்கும்போது, மூளையிலிருந்து உறைக்குச் செல்லும் நுண்ணிய சிரைகள் இழுபட்டு எளிதில் அறுபடுகின்றன. ஈரல் கெட்டுவிட்டால் இரத்தம் உறையும் திறனும் குறைகிறது. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோவதாலும் அவர்கள் மயங்குவதுண்டு. ஆகவே குடிகாரன் என்பது அவனை அலட்சியப்படுத்துவதற்குக் காரணமன்று. கூடுதலாகக் கவனிப்பதற்கே காரணம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர மருத்துவர்கள், தலையில் அடிபட்டு நினைவிழந்து தெளிந்தவர்களுள் யாருக்கு மூளைப் படம் எடுக்க வேண்டும் என்று ஏழு காரணங்களை வகுத்தனர். தலைவலி, வாந்தி, வலிப்பு முதலியவற்றோடு போதையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தனர்.

அன்று எலும்பின்மீது மை பூசித் தேடிய கீறலை இன்று சி.டி. ஸ்கேன் கருவி சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. 1971 அக்டோபரில் லண்டன் மருத்துவமனையொன்றில் முதல் நோயாளியின் மூளையை அக்கருவி படமெடுத்தது. நம் சென்னையிலோ, 1950ஆம் ஆண்டிலேயே அரசுப் பொது மருத்துவமனையில் மூளை ரண சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டுவிட்டது. சீர்காழியில் பிறந்து, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், தலைக்காயத்தில் தனிப்புலமை பெற்றிருந்த ரோபாதம் என்ற மருத்துவரிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் பி. இராமமூர்த்தி அவர்கள் அப்பணியைத் தொடங்கி வைத்தார்கள். ஆகவே வழியும் கருவியும் நம்மிடம் இல்லாமலில்லை. உரிய நேரத்தில் கொண்டு சேர்க்கும் மனம்தான் தேவை.

மார்க்கம் காக்கச் சொன்ன இரண்டு

ஷரீஅத்தின் நோக்கங்கள் ஐந்து என்று இமாம் கஸ்ஸாலி போன்ற பெருமக்கள் வகுத்திருக்கின்றனர். மார்க்கம், உயிர், அறிவு, வழித்தோன்றல், பொருள் ஆகிய ஐந்தையும் காப்பதே அவை. மது அறிவை அழிக்கிறது. ஆகவே அது ஹராமாயிற்று. இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அறிவை இழந்தவனுடைய உயிரைக் காக்கும் கடமை அதனால் நீங்கிவிடுகிறதா? ஒருபோதும் இல்லை. ஓர் உயிரை வாழவைப்பது மனித இனம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பாகும் என்பது திருமறையின் போதனை. அந்த உயிர் குடிக்காதவனுடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கில்லை.

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில், மது அருந்தியதற்காகப் பன்முறை தண்டிக்கப்பட்ட ஒருவரை அங்கிருந்தவர் சபித்தபோது, அவ்வாறு சபிக்க வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்து, அம்மனிதர் இறைவனையும் இறைத்தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துரைத்ததாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. தண்டனை பெற்றவரையே சபிக்கக்கூடாதென்றால், தெருவில் அடிபட்டுக் கிடப்பவனைக் கைவிட்டுச் செல்வதற்கு நமக்கு ஏது உரிமை?

மேற்கே பரவிய ஒளி

அபுல் காசிம் அவர்களின் இறுதிக்காலம் துயரம் சூழ்ந்தது. 1009ஆம் ஆண்டில் அன்தலுஸில் உள்நாட்டுக் கலகம் மூண்டது. அன்னார் பெயரில் நிலைத்த மதீனத்துஸ் ஸஹ்ரா அடுத்த ஆண்டே சூறையாடப்பட்டது. 1013ஆம் ஆண்டை ஒட்டி அன்னார் இவ்வுலகை நீத்தார்கள். 1911ஆம் ஆண்டில்தான் அந்நகரின் இடிபாடுகளை அகழ்ந்தெடுக்கும் பணி தொடங்கியது. 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பளிங்கு மாளிகைகள் மண்ணுக்குள் புதைந்தன. அன்னாரின் நூலோ கடல் கடந்து சென்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் ஜெரார்டு என்ற அறிஞர் ரண சிகிச்சைப் பாகத்தை இலத்தீனில் மொழிபெயர்த்தார். 1363ஆம் ஆண்டில் நூல் எழுதிய பிரெஞ்சு நாட்டு மருத்துவர் கீ த ஷோலியாக் இருநூறு முறைக்கு மேல் அன்னாரை மேற்கோளாக எடுத்தாண்டார். 1465ஆம் ஆண்டில் துருக்கி மருத்துவர் ஷரஃபுத்தீன் ஸாபுன்ஜுஓக்லு அந்நூலைத் தழுவித் தம் மொழியில் எழுதினார். ஐரோப்பாவின் ரண சிகிச்சை மாணவர்கள் பல நூற்றாண்டுகள் அன்னாரின் நூலைக் கற்றே கத்தி பிடித்தனர்.

நம் இல்லங்கள் கற்க வேண்டியவை

இந்த மேதையின் வரலாற்றைப் படித்து வியந்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டால் போதாது. தலையில் அடிபட்டவர் எவரேயாயினும், அவர் மது அருந்தியிருந்தாலும் இல்லாவிட்டாலும், செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவதாக, 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். 2008ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் இச்சேவை இலவசமாக நடைபெற்று வருகிறது. இரு சக்கர வண்டியில் இருவருக்கு நடுவே உட்கார வைத்து ஏற்றிச் செல்லாதீர்கள். தலையில் அடிபட்டவரின் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம். கழுத்து அசையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். போதை தெளிய வேண்டுமென்று மோரோ, எலுமிச்சைச் சாறோ, காப்பியோ வாயில் ஊற்றாதீர்கள். உணர்வு குன்றியவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வாந்தி எடுத்தால் கழுத்து வளையாமல் உடலையும் தலையையும் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

எழுப்பினால் எழாமை, திரும்பத் திரும்ப வாந்தி, வலுக்கும் தலைவலி, வலிப்பு, ஒரு கண்பாவை மற்றதைவிடப் பெரிதாதல், ஒரு பக்கத்துக் கைகால் தளர்தல், காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல் ஆகிய இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

இரண்டாவதாக, மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எப்போது விழுந்தான், இடையில் தெளிந்து பேசினானா, எவ்வளவு குடித்திருந்தான், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் உண்பவனா என்பவற்றை மறைக்காமல் கூறுங்கள். குடும்ப மானம் கருதி மறைக்கப்படும் ஒரு சொல் ஓர் உயிரின் விலையாகிவிடக்கூடும். மருத்துவரின் காதில் சொல்வது ஊரின் காதில் சொல்வதாகாது.

மூன்றாவதாக, வழக்குக்கு அஞ்சி ஒதுங்காதீர்கள். காவல்துறை நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உயிர்காக்கும் சிகிச்சையை உடனே தொடங்குவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989ஆம் ஆண்டிலேயே நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது.

உயிர் பிழைத்த பின், அந்த இளைஞனைத் திருத்துவதற்குக் காலம் இருக்கிறது. பெற்றோர் கண்ணீரோடு எடுத்துச் சொல்லலாம். பள்ளிவாசல் இமாம் பரிவோடு அறிவுரை கூறலாம். மதுப்பழக்கத்திலிருந்து மீட்கும் மருத்துவமும் உண்டு. தவ்பாவின் வாசல் உயிருள்ளவனுக்காகத் திறந்திருக்கிறது. அந்த வாசலை அவன் சென்றடையும் வரை அவனை உயிரோடு காப்பது நம் பொறுப்பன்றோ?

கழுத்தை அறுத்துக்கொண்ட பணிப்பெண்ணின் குரல் கரகரத்தபோதிலும் அவள் வாழ்ந்தாள். அவளுக்குக் கிடைத்த அந்த இரண்டாம் வாழ்வு, முடிச்சூர்ச் சாலையில் விழும் இளைஞனுக்கும் கிடைக்கட்டும். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை மதுவின் தீமையிலிருந்து காப்பானாக! வழிதவறியவர்களை நேர்வழிக்குத் திருப்புவானாக! துன்புற்று வீழ்ந்தோரைத் தாங்கும் கைகளாக நம் கைகளை ஆக்குவானாக! ஆமீன்.